59 நாள் அவகாசம்

2017 மே 12, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கின. கோப்புகளைப் பூட்டிவிட்டோம், 300 டாலருக்கு பிட்காயின் அனுப்பினால் திறந்துவிடுகிறோம் என்று திரையில் ஒரு மிரட்டல். வான்னக்ரை என்ற அந்த ரான்சம்வேர் இரண்டு மூன்று நாட்களில் 150 நாடுகளுக்குப் பரவி, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பிடித்துக்கொண்டதாக ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் கணக்குச் சொன்னது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளை நடத்தும் 236 அறக்கட்டளைகளில் மூன்றில் ஒரு பங்குக்குப் பாதிப்பு. ஏறத்தாழ 19,000 நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தாகியிருக்கும் என்று அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை ரகசியமாக உருவாக்கி வைத்திருந்த ‘எடர்னல்புளூ’ என்ற தாக்குதல் கருவி திருடுபோய், ஏப்ரல் 14 அன்று இணையத்தில் வெளியாகி, கடைசியில் மருத்துவமனை வரை வந்து சேர்ந்த கதை பத்திரிகைகளுக்குப் பெருந்தீனி ஆனது. அந்தப் பரபரப்பில் ஒரு தேதி கவனிப்பாரின்றிப் போயிற்று. அந்தக் கருவி எந்த ஓட்டையில் நுழைந்ததோ, அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே இலவசமாக வெளியிட்டுவிட்டது. தாக்குதல் வந்தது அதற்கு 59 நாள் கழித்து.

பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளை மாற்றாமல் வைத்திருந்ததுதான் காரணம் என்று அப்போது பலரும் எழுதினார்கள். அந்த மருத்துவமனைகளில் எக்ஸ்பி இருந்த கருவிகள் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. சிக்கியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றுக்கான திருத்தம் கையில் இருந்தது, போடப்படவில்லை. அதைப் போடச் சொல்லி மார்ச் 17, ஏப்ரல் 28 ஆகிய இரண்டு தேதிகளில் எச்சரிக்கையும் அனுப்பப்பட்டிருந்தது. தாக்குதலுக்கு முன்பே 88 அறக்கட்டளைகளுக்கு நேரில் சென்று பாதுகாப்பைச் சோதித்துப் பார்த்திருந்தார்கள், ஒன்றுகூடத் தேறவில்லை. தணிக்கை அலுவலகத்தின் முடிவு இதுதான்: தாக்குதல் அப்படியொன்றும் நுட்பமானது அல்ல, அடிப்படை ஒழுங்குகளைக் கடைப்பிடித்திருந்தாலே தடுத்திருக்கலாம். இந்த முடிவை ஒரு நாட்டு மருத்துவமனைகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. கணினிப் பாதுகாப்பு என்றதும் நம் மனதில் வருவது முகமூடி அணிந்த மேதாவி ஹேக்கரும் அவனை மடக்கும் இன்னொரு மேதாவியும். பெரும் இழப்புகளின் விவரங்களைப் படித்தால் தெரிவது வேறு. அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அட்மின் தினமும் செய்ய வேண்டிய, யாரும் பாராட்டாத, அலுப்பூட்டும் வேலைகள் எங்கே விடுபட்டனவோ, அங்கேதான் இயங்குதளம் விழுந்திருக்கிறது. அந்த வேலைகள் விடுபட்டதற்கு அட்மினின் அறியாமையைக் காட்டிலும், அவற்றுக்கு நேரமும் அதிகாரமும் தராத நிர்வாகமே பெரும்பாலும் காரணம்.

இயங்குதளம் என்பது விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு போன்ற அடிப்படை மென்பொருள். எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம், யார் எதை மாற்றலாம், நெட்வொர்க்கில் வரும் எந்த அழைப்புக்குப் பதில் சொல்லலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதுதான். கோடிக்கணக்கான வரிகள் கொண்ட அந்த நிரலில் பிழைகள் இல்லாமல் இருக்காது. பிழை கண்டுபிடிக்கப்பட்டதும் தயாரிப்பாளர் ஒரு திருத்தம் வெளியிடுகிறார். அட்மின்கள் அதை பேட்ச் என்பார்கள். மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் இவற்றை மொத்தமாக வெளியிடும் வழக்கம் வைத்திருக்கிறது; நம் கடிகாரத்தில் அது இரவு பத்தரை அல்லது பதினொன்றரை மணி. பொதுவாசகருக்கு அதிகம் தெரியாத ஒரு சங்கதி இதில் இருக்கிறது. பேட்ச் வெளியான அந்த நிமிடமே ஓட்டை எங்கே இருந்தது என்பதும் வெளியாகிவிடுகிறது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் அருகருகே வைத்து எந்த வரிகள் மாறியிருக்கின்றன என்று பார்த்தால் போதும். தேர்ந்தவர்களுக்கு அது சில நாள் வேலை. எந்த வீட்டின் எந்தத் தாழ்ப்பாள் பழுது என்று ஊர் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டு, சரிசெய்யும் பொறுப்பை வீட்டுக்காரரிடமே விட்டுவிடுவது போன்ற ஏற்பாடு இது. ஆகவே பேட்ச் வந்த பிறகு அதைப் போடாமல் இருக்கும் கணினி, வருவதற்கு முன்பு இருந்ததைவிட அதிக ஆபத்தில் இருக்கிறது. 2008 அக்டோபர் 23 அன்று விண்டோஸின் ஓர் ஓட்டைக்கு அவசரத் திருத்தம் வந்தது. ஒரு மாதத்துக்குள் அதே ஓட்டையைப் பயன்படுத்தி கான்ஃபிக்கர் என்ற, தானாகப் பரவும் கணினிப் புழு உலகைச் சுற்றத் தொடங்கியது. எட்டரை ஆண்டு கழித்து வான்னக்ரை அந்தப் பாடத்தையே திரும்ப நடத்தியது.

‘உடனே அப்டேட் போடுங்கள் என்று எழுதுவது எளிது, போட்டபின் சர்வர் எழுந்திருக்காவிட்டால் பதில் சொல்லப்போவது யார்?’ என்று அனுபவமுள்ள எந்த அட்மினும் இங்கே கேட்பார். நியாயமான கேள்விதான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பு, உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. 78 நிமிடத்தில் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குள் வாங்கிக்கொண்ட கணினிகளை ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்து சரிசெய்ய நாட்கணக்கு ஆனது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். எதிரி யாரும் இல்லாமல், காவலுக்கு வைத்த மென்பொருளே ஆளைக் கவிழ்த்த நாள் அது. அன்று முடங்கியது இயங்குதளத்தின் மாதாந்தரத் திருத்தத்தால் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். இயங்குதளத்தின் கரு வரை சென்று வேலை செய்யும் ஒரு வெளி மென்பொருள், தன் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிய கோப்பு அது. அந்த வகைக் கோப்பைத் தள்ளிப்போடும் வசதி வாடிக்கையாளர்களுக்குத் தரப்பட்டிருக்கவில்லை. கோளாறின் வேர் அப்டேட் வந்ததில் இல்லை, எல்லாக் கணினிக்கும் ஒரே நொடியில் வந்ததில் இருந்தது.

அப்டேட்டே வேண்டாம் என்பது இதற்குப் பதிலாகாது. பகுதி பகுதியாகப் போடுவதே வழி. முதலில் அட்மினின் சொந்தக் கணினி உட்பட ஒரு சில. இரண்டு நாள் கழித்து ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒன்றிரண்டு, குறிப்பாகக் கணக்கு மென்பொருளும் பழைய பிரிண்டரும் உள்ள கணினிகள். சிக்கல் இல்லையென்றால் ஒரு வாரத்துக்குள் மீதி அனைத்தும். ஒரு ஓட்டை ஏற்கெனவே தாக்குதலில் பயன்படுகிறது என்று தெரிந்தால் மட்டும் வாரம் காத்திருக்கக் கூடாது. அப்படிப் பயன்படும் ஓட்டைகளின் பட்டியல் ஒன்றை அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமை 2021 நவம்பரிலிருந்து வெளியிட்டு வருகிறது; யாரும் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. நூற்றுக்கணக்கான திருத்தங்களில் எதை இன்றிரவே போடுவது, எதை அடுத்த வாரத்துக்கு விடுவது என்று திணறும் அட்மினுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. சில எந்திரங்களில் பேட்ச் போடவே முடியாது என்பதும் உண்மை. ஸ்கேன் கருவியோடு வந்த கணினியில் கை வைத்தால் உத்தரவாதம் போய்விடும் என்பார் விற்றவர். அதில் பேட்ச் போடாமலே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மற்றக் கணினிகளோடு பேசவிடாமல் தனியே பிரித்து வையுங்கள். இங்கிலாந்துத் தணிக்கையாளர்களும் இதைச் சொன்னார்கள்: பேட்ச் இல்லாவிட்டாலும்கூட, வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை ஒழுங்காக வைத்திருந்தவர்கள் தப்பியிருப்பார்கள்.

பேட்ச் மட்டும் போதும் என்று நினைத்தவர்களுக்கு வான்னக்ரை வந்து ஏழு வாரத்துக்குள் பதில் கிடைத்தது. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற தாக்குதல் உக்ரைனில் தொடங்கியது. அந்நாட்டு நிறுவனங்கள் வரிக் கணக்குக்குப் பயன்படுத்திய எம்.இ.டாக் என்ற மென்பொருளின் அப்டேட்டுக்குள்ளேயே நஞ்சை ஏற்றி அனுப்பியிருந்தார்கள். உள்ளே வந்தபின் அது எடர்னல்புளூவை மட்டும் நம்பியிருக்கவில்லை. விண்டோஸில் அட்மின் ஒருவர் உள்நுழைந்தால் அவருடைய அடையாளச் சான்றுகள் நினைவகத்தில் தங்கும். அவற்றை உருவி, அதே அதிகாரத்தோடு அடுத்த கணினிக்குள் போனது. எல்லாப் பேட்சும் போட்ட கணினியும் இதற்குத் தப்பவில்லை, ஏனென்றால் வந்தது ஓட்டை வழியாக அல்ல, சரியான சாவியோடு. டென்மார்க்கின் கப்பல் நிறுவனமான மேர்ஸ்க் 45,000 கணினிகளிலும் 4,000 சர்வர்களிலும் எல்லாவற்றையும் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. மும்பைக்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய சரக்கு முனையமும் நின்றது.

பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் பாஸ்வேர்டின் நீளத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். அது முக்கியம்தான், ஆனால் யாருக்கு எந்த அதிகாரம் என்ற கேள்வி அதைவிட முக்கியம். நம் ஊர் அலுவலகங்களில் பொதுவாக நடப்பது இதுதான்: புதிய கணினிகள் வந்ததும் ஒன்றைத் தயார்செய்து அதையே மற்றவற்றுக்கும் நகலெடுப்பார்கள், எல்லாவற்றிலும் ஒரே அட்மின் பாஸ்வேர்ட். மென்பொருள் நிறுவும்போது ஒவ்வொரு முறையும் கூப்பிடுகிறார்கள் என்ற தொல்லை தாங்காமல், ஊழியர்களின் கணக்குக்கும் அட்மின் அதிகாரம் கொடுத்துவிடுவார்கள். முதலாளியின் மடிக்கணினிக்குக் கேட்கவே வேண்டாம். இந்த நிலையில் ஒருவர் ஒரு மின்னஞ்சலில் தவறான இணைப்பைத் திறந்தால், அவர் கணினியின் முழு அதிகாரமும் போகும். அதிலிருந்து கிடைக்கும் பாஸ்வேர்ட் மற்ற எல்லாக் கதவுகளையும் திறக்கும். இதைத் தடுக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கு, நிர்வாக வேலைக்கு மட்டும் தனிக் கணக்கு என்று பிரிக்க வேண்டும். இது அட்மினுக்கும் பொருந்தும், அவருக்குத்தான் முதலில் பொருந்தும். ஒவ்வொரு கணினியின் உள்ளூர் அட்மின் பாஸ்வேர்டையும் வெவ்வேறாக வைத்துத் தானே மாற்றிக்கொண்டிருக்கும் லாப்ஸ் என்ற வசதியை மைக்ரோசாஃப்ட் 2015இல் இலவசமாகக் கொடுத்தது. 2023 ஏப்ரலிலிருந்து அது விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. இன்றும் அதைப் பயன்படுத்தாத அலுவலகத்துக்குச் செலவு ஒரு காரணம் ஆகாது.

மேர்ஸ்க் கதையில் இன்னொரு பகுதி இருக்கிறது. அட்மின்கள் அதை மறக்க மாட்டார்கள். யார் யார் எதை அணுகலாம் என்ற பதிவேட்டை வைத்திருக்கும் சர்வர்களை டொமைன் கன்ட்ரோலர் என்பார்கள். மேர்ஸ்க்கிடம் உலகெங்கும் அப்படிப் பல இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்று எல்லாவற்றிலும் ஒரே தகவல். நாட்பெட்யா ஒரே வீச்சில் எல்லாவற்றையும் அழித்தது. ஒன்று மட்டும் பிழைத்தது. கானா நாட்டு அலுவலகத்தில் அந்த நேரம் மின்சாரம் போயிருந்ததால் அந்த சர்வர் அணைந்து கிடந்தது. உலகின் மிகப்பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்று மீண்டெழுந்தது ஒரு மின்வெட்டின் புண்ணியத்தில். இணைப்பில் இருக்கும் நகல் பேக்கப் ஆகாது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் நிரூபித்துவிட முடியாது. கணினியில் எப்போதும் செருகியிருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கும், தானாக ஒத்திசையும் மேகக் கோப்புறையும் இந்த வகைதான். ரான்சம்வேர் கோப்பைப் பூட்டினால், பூட்டிய கோப்பே அங்கும் போய்ச் சேரும். ஒரு நகலாவது நெட்வொர்க்கிலிருந்து கழற்றப்பட்டு, வேறு இடத்தில் இருக்க வேண்டும். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்க்க வேண்டும். ‘பேக்கப் வெற்றி’ என்று தினமும் வரும் மின்னஞ்சலை நம்பி இருந்துவிட்டு, தேவைப்படும் நாளில் காலியான கோப்புறையைத் திறந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நடந்ததும் இதே பாடம்தான். ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. வெளிநோயாளி சீட்டு, ஆய்வக முடிவு என எல்லாம் பல நாட்கள் கையால் எழுதும் வேலையாயிற்று. நெட்வொர்க்கை முறையாகப் பகுதி பிரிக்காததால் உள்ளே நுழைந்துவிட்டார்கள் என்று மத்திய அரசு மாநிலங்களவையில் பதில் சொன்னது. தகவலை மீட்க முடிந்தது பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால். எந்த மருத்துவமனையிலும் வரவேற்பறைக் கணினியும் ஆய்வக சர்வரும் தங்கு தடையின்றி ஒன்றோடொன்று பேச வேண்டிய அவசியம் இல்லை. பேசவிட்டால் ஒன்றின் நோய் மற்றதுக்கும் வரும்.

லினக்ஸுக்கு மாறிவிட்டால் இந்தத் தலைவலி எதுவும் இருக்காதே என்பது அடுத்து வரும் வாதம். தமிழ்நாட்டில் இதற்கு நல்ல பின்புலமும் உண்டு. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அரசு அலுவலகங்களுக்கு அறிமுகமானதுதான். லினக்ஸில் அன்றாடப் பயனருக்கு முழு அதிகாரம் தராத மரபு இருப்பதும், வைரஸ்கள் குறைவாகக் குறிவைப்பதும் அனுகூலங்கள்; மறுக்கவில்லை. ஆனால் இணையத்தின் முதல் பெரும் புழுவான மோரிஸ் 1988 நவம்பரில் தாக்கியது யுனிக்ஸ் கணினிகளைத்தான். அஞ்சல் நிரலின் ஓட்டையோடு எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டுகளும் அதற்கு உதவின. 2024 மார்ச்சில் லினக்ஸில் பரவலாகப் புழங்கும் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளுக்குள் யாரோ பின்கதவு வைத்திருந்தது தெரியவந்தது. உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளரால் அது அம்பலமானது. எந்த இயங்குதளம் என்பதைவிட அதை யார், எப்படிப் பராமரிக்கிறார் என்பதுதான் கணக்கு. பேட்ச் போடாத லினக்ஸ் சர்வரும் பேட்ச் போடாத விண்டோஸும் தாக்குகிறவருக்கு ஒன்றுதான்.

‘எங்களுடையது பத்துக் கணினி உள்ள சின்ன அலுவலகம், எங்களை யார் சீண்டப்போகிறார்கள்’ என்பவர்களும் இருக்கிறார்கள். வான்னக்ரை யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் எண் வாசல் எங்கெல்லாம் திறந்திருந்ததோ அங்கெல்லாம் தட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். அது நுழைந்த எஸ்எம்பி முதல் பதிப்பு என்ற வசதி மிகப் பழையது. பெரும்பாலான அலுவலகங்களுக்குத் தேவையே இல்லாதது. தேவையில்லாத வசதிகளை அணைத்து வைப்பது பேட்சைவிட எளிய, பேட்சைவிட நீடித்த பாதுகாப்பு. வீட்டிலிருந்து வேலை பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று ரிமோட் டெஸ்க்டாப்பை நேரே இணையத்துக்குத் திறந்துவிட்டு மறந்துபோன கணினிகள், வேலையை விட்டுப்போய் ஓராண்டு ஆகியும் உயிரோடு இருக்கும் ஊழியர் கணக்குகள், காசு மிச்சம் என்று ‘ஆக்டிவேட்டர்’ போட்டு ஓடும் திருட்டு விண்டோஸ் ஆகியவற்றைத் தேடிப் பிடிக்க மேதை வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் அரை நாளும் போதும். ஆக்டிவேட்டர் வேலை செய்ய ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்கிறதே, அப்போதாவது சந்தேகம் வர வேண்டாமா?

உண்மையான தடை நேரம். அட்மினாக இருப்பவரே சிசிடிவி கேமராவையும் பார்க்கிறார், பிரிண்டரில் சிக்கிய தாளையும் எடுக்கிறார், கூட்டத்துக்குப் புரொஜெக்டரையும் பொருத்துகிறார். பேட்ச் போட்டபின் சர்வரை ரீஸ்டார்ட் செய்ய அரை மணி நேரம் கேட்டால் ‘மாத முடிவு, இப்போது வேண்டாம்’ என்கிறார்கள். அடுத்த மாதமும் முடிவுக்கு வரத்தானே செய்யும்? அவர் வேலையை ஒழுங்காகச் செய்தால் எதுவுமே நடக்காது. எதுவுமே நடக்காததைக் காட்டி ஊதிய உயர்வு கேட்க முடியாது. எனவே ரீஸ்டார்ட்டுக்கான நேரத்தை மாதந்தோறும் முன்கூட்டியே அறிவித்து, அதை ஒத்திப்போடுபவர் எழுத்தில் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு விதி வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். ஆபத்தை ஏற்பது நிர்வாகத்தின் முடிவு என்றால், அது நிர்வாகத்தின் பெயரில் பதிவாகட்டும். சட்டமும் இப்போது பதிவுகளைக் கேட்கிறது. 2022 ஏப்ரலில் இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, தாக்குதல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும், 180 நாட்களுக்கான லாக் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். லாக்கே எடுக்காத அலுவலகம் தாக்குதல் நடந்ததை எந்த ஆறு மணி நேரத்தில் தெரிந்துகொள்ளும்?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் திருத்தங்கள் வேண்டுமென்றால் நிறுவனங்கள் கணினி ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர் கட்ட வேண்டும், ஒவ்வோர் ஆண்டும் அது இரட்டிப்பாகும், மூன்று ஆண்டுக்கு மேல் அதுவும் கிடைக்காது. டிபிஎம் 2.0 சில்லு இல்லாத பழைய கணினிகள் விண்டோஸ் 11க்கு முறைப்படி மாறவும் முடியாது. உங்கள் அலுவலகத்தில், பள்ளியில், மருத்துவமனையில் அப்படிப்பட்ட கணினிகள் எத்தனை, கடைசியாகப் பேட்ச் போட்டது எப்போது, பேக்கப்பிலிருந்து கடைசியாக மீட்டுப் பார்த்த தேதி எது என்று இந்த வாரமே உங்கள் அட்மினிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் சொல்லும் வேலைக்கு வேண்டிய நேரத்தையும் கொடுங்கள்.